அடுக்களையில் பிறந்த புழு!

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி ஆனதும் வீட்டு யஜமானர் அடுக்களைக்குள் நுழைந்து, "இன்றைக்கு அடுப்பை எனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடு. நான் புழு காய்ச்சப் போகிறேன்!" என்று சொன்னால் வீட்டு அம்மாள் என்ன செய்வாள்? முதலில் ஜுரம் இருக்கிறதா என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஜுரம் இல்லை என்று தெரிந்ததும் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள். நியாயந்தானே?

ஆனால் அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த அக்ரன் நகரத்தில், 1949-ஆம் வருஷம் ஒரு வீட்டில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. நிக் க்ரீம் என்பவர் அந்த வீட்டு யஜமானர். இயந்திரத் தொழிலாளி, ஓய்வு கிடைத்தால் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுகிறவர். காஸ்மா என்பவள் அவருடைய மனைவி. அந்த அம்மாள் கரண்டியை ஓங்கவில்லை. கணவருடன் சேர்ந்து தானும் அந்த வேலையில் இறங்கிவிட்டாள். வினைல், எண்ணெய், சாயம் ஆகிய மூன்றையும் பாத்திரத்திலிட்டு அடுப்பில் வைத்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு தடவை இறுகிப் போயிற்று. ஒரு தடவை இளகிப் போயிற்று. அல்வா கிளறுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்லவே! கடைசியில் பதம் கிடைத்தது. நிஜ மண்புழுவைக் கொண்டே அச்சு எடுத்து, அதில் இந்தப் பாகை வார்த்தார்கள். ஆறியதும் எடுத்துப் பார்த்தால், தொட்டால் நெளிகிற, பிடித்தால் வழுக்குகிற, உயிர் ஒன்றுதான் இல்லை என்று சொல்லும்படியான புழு வந்தது!

1951-ஆம் வருஷத்தில் அந்தப் புழுக்களைத் தபால் மூலம் விற்கத் தொடங்கினார்கள். ஐந்து புழு ஒரு டாலர். பிறகு வியாபாரம் வளர்ந்து, தொழிற்சாலையாகி, 1960-ஐ ஒட்டி டெக்ஸாஸ் மாகாணத்தில் டைலர் என்ற ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று உலகம் முழுவதும் மீன்பிடிப்போர் பெட்டிகளில் கிடக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் இரைகளுக்கெல்லாம் மூலபுருஷன் அந்த அடுக்களைப் புழுதான். மூலபுருஷன் என்று மட்டும் சொன்னால் காஸ்மா அம்மாளுக்கு அநியாயம் செய்ததாகும்.

பொய்ப் புழு எதற்கு?

"மண்ணைத் தோண்டினால் நிஜப் புழுவே கிடைக்குமே? இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று நீங்கள் கேட்கலாம்.

அமெரிக்க ஏரிகளில் 'பாஸ்' என்று ஒரு நன்னீர் மீன் உண்டு. அகன்ற வாய், பச்சை நிற உடம்பு, மூர்க்கமான குணம். தூண்டிலில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறிக்கொண்டு சண்டை போடும். அந்தச் சண்டைக்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் அங்கே ஏராளம். பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு சந்தோஷமாக வீடு திரும்புகிறவர்களும் உண்டு!

இந்த மீன் உயிருள்ளதைத்தான் துரத்தும். மரத்தாலும் உலோகத்தாலும் செய்த பொய் மீன்கள் பல காலமாகப் புழக்கத்தில் இருந்தன. அவற்றை வாயில் கவ்வியவுடன் "அட, இது கட்டை!" என்று மீனுக்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும். ரப்பரில் புழு செய்து பார்த்தவர்களும் முன்பே இருந்தார்கள். ஆனால் ரப்பர் விறைப்பானது. புழுவின் நெளிவு அதற்கு வரவில்லை. க்ரீம் தம்பதிகளின் புழுவோ மெத்தென்று இருந்தது. கவ்விய மீன் இரண்டொரு விநாடி கூடுதலாக வாயில் வைத்துக்கொண்டது. தூண்டில்காரனுக்கு அந்த இரண்டொரு விநாடி போதாதா?

இன்னொரு சௌகரியமும் இருந்தது. புழு மிருதுவாக இருப்பதால் தூண்டில்முள்ளின் நுனியை அதன் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடலாம். முள் வெளியே தெரியாததால், நீருக்குள் இருக்கும் பாசியிலும் மரக்கிளையிலும் சிக்காது. முன்னால் துப்பாக்கி ரவையைப் போன்ற கூர்மையான எடை ஒன்றைக் கோத்துவிட்டால் புதருக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். டெக்ஸாஸில் அணைகட்டித் தேக்கிய ஏரிகளில் மூழ்கிய மரங்கள் ஏராளம். மீன்கள் அவற்றுக்கிடையேதான் ஒளிந்திருக்கும். ஆகவே இந்த முறைக்கு 'டெக்ஸாஸ் கட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ரப்பர் நகரத்து ரகசியம்

இந்தப் புழு அக்ரன் நகரத்தில் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தமான தற்செயல்! உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று அந்த ஊருக்கு ஒரு காலத்தில் பெயர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய டயர் கம்பெனிகள் மூன்றும் வளர்ந்தது அங்கேதான்.

அதே ஊரில், குட்ரிச் கம்பெனியில், வால்டோ ஸீமன் என்ற ரசாயன நிபுணர் வேலை பார்த்துவந்தார். ரப்பரையும் உலோகத்தையும் ஒட்டுவதற்கு ஒரு பசை கண்டுபிடிக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தார்கள். 1926-ஆம் வருஷம் அவர் பி.வி.ஸி. என்ற வஸ்துவைக் கையில் எடுத்தார். அந்த வஸ்துவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்திருந்தும், விறைப்பானது, நொறுங்கக் கூடியது, எதற்கும் உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஸீமன் அதை எளிதில் ஆவியாகாத திரவத்தில் கலந்து சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. ஆறியபின் பார்த்தால், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற, ரப்பர் போன்ற ஒரு பொருள் இருந்தது!

தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டும், குளியலறைத் திரையும் வந்தது அந்தக் கண்டுபிடிப்பின் பயன்தான். நம் வீட்டு மேஜைவிரிப்பும் மின்சாரக் கம்பியின் மேலுறையும்கூட அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அதே வஸ்து 23 வருஷங்களுக்குப் பிறகு அதே ஊரில் புழுவாக அவதாரம் எடுத்தது.

பழவாசனைப் புழுவும் பாடைகட்டிய மீனும்

க்ரீம் தம்பதிகள் வழிகாட்டிய பிறகு பலர் கிளம்பிவிட்டார்கள். அலபாமா மாகாணத்தில் யூஃபாலா என்ற ஊரைச் சேர்ந்த டாம் மான் என்பவர் புழுவிலே பழவாசனையைச் சேர்த்தார். ஸ்ட்ராபெரி, திராட்சை என்று மிட்டாய்க் கடை மாதிரி ரகங்கள்! மீனுக்கு அந்த வாசனை பிடித்ததோ என்னவோ, வாங்குகிறவர்களுக்குப் பிடித்துவிட்டது.

1973-ல் அவர் தம் ஸ்ட்ராபெரிப் புழுவைக் கொண்டு ஒரு பாஸ் மீனைப் பிடித்தார். அதைச் சமைக்க மனம் வரவில்லை. கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்த்தார். அப்போது பிரபலமாயிருந்த ஒரு பாட்டில் வரும் முரட்டு ஆளின் பெயரையே அதற்கு வைத்தார்: லீராய் ப்ரௌன். 1980-ல் அது இறந்தபோது, தூண்டில் சாமான் பெட்டி ஒன்றில் வைத்துச் சகல மரியாதைகளுடன் அடக்கம் செய்தார்கள். நூற்றுக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். சமாதியில் கல்லால் மீன் உருவமும் எழுப்பினார்கள். பொய்ப் புழுவால் ஏமாந்த ஒரு மீனுக்கு இவ்வளவு ராஜமரியாதை வேறெங்கும் நடந்திராது!

அரிஸோனா மாகாணத்தில் பேஜ் என்ற ஊரில் காரி யமமோட்டோ என்பவர் புழுவில் உப்பைச் சேர்த்தார். உப்பு சேர்ந்தால் எடை கூடும். புழு தானாகவே ஆடி ஆடித் தண்ணீரில் அமிழும். நம் வீட்டில் சாம்பாருக்கு மட்டுமல்ல, அவர்கள் ஊரில் புழுவுக்கும் உப்பு வேண்டியிருக்கிறது.

செய்முறை

இப்போது அமெரிக்காவில் எத்தனையோ பேர் இந்தப் புழுக்களைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். காரணம் சிக்கனம் மட்டுமல்ல. ஒரு மீன் கடித்தால் புழு கிழிந்துவிடும். ஒரு நாளில் ஒரு பொட்டலம் காலியாகிவிடும். தவிர, தங்கள் ஏரித் தண்ணீரின் நிறத்துக்கும், அங்குள்ள சிறு மீன்களின் சாயலுக்கும் ஏற்றபடி தாங்களே நிறம் கலந்துகொள்ளலாம். அதில் ஒரு பெருமை. நாமே இட்ட வடாம் நமக்கு உயர்த்தி அல்லவா?

முதல் வேலை அச்சு. கொலு பொம்மை அச்சைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாதிரிக்கு ஒரு புழுவை எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். களிமண்ணில் கையால் உருட்டியதாகவும் இருக்கலாம். சிறிய டப்பா ஒன்றின் அடியில் அதைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டி, மேலே லேசாக எண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்ற வேண்டும். கரைக்கும் விதத்திலும் முறை உண்டு. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவு. தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரைக் கொட்டினால் கட்டி தட்டிப் போகும். ஊற்றியதும் டப்பாவின் பக்கங்களைத் தட்டிக்கொடுத்தால் காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும்.

ஒரு வார்த்தை: கரைத்து மீந்ததைத் தொட்டிமுற்றத்தில் கொட்டிவிடக் கூடாது. குழாய்க்குள் போய்க் கல்லாக இறுகிவிடும். பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் ஆதலால், குழந்தைகள் விளையாட்டாக அதற்குள் கையைப் புதைக்கவும் விடக்கூடாது.

இறுகிய பிறகு அச்சைக் கவிழ்த்து மாதிரியை எடுத்துவிட வேண்டும். பார்வைக்கு உலர்ந்தது போல் இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். நாலைந்து நாளாவது வெயிலிலும் காற்றிலும் காய வேண்டும். அப்புறம் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, இரண்டு மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் நன்றாக உலரவிட வேண்டும். பூசாவிட்டால் வார்க்கும் பாகு அச்சின் நுண்ணிய துவாரங்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, மூலப்பொருள். 'பிளாஸ்டிஸால்' என்று போத்தலில் விற்கிறார்கள். பி.வி.ஸி. தூளை, அதை மிருதுவாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து வைத்திருப்பார்கள். பார்ப்பதற்குப் பால் மாதிரி இருக்கும். தூள் அடியில் தங்கிவிடுவதால் முதலில் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேல்வாரியாக ஊற்றிச் செய்தால் முதல் புழு கொழகொழ என்றும் கடைசிப் புழு கட்டை மாதிரியும் வரும்.

மூன்றாவது, காய்ச்சுதல். வித்தையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சிறிது சிறிதாகச் சூடேற்றிக் கிளறிக்கொடுக்க வேண்டும். பாலாக இருந்தது முதலில் தோசை மாவு போலக் கெட்டியாகும். பிறகு கட்டி கட்டியாகத் திரளும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்தக் கட்டத்தில், "ஐயோ, கெட்டுப்போயிற்றே!" என்று கொட்டிவிடுவதுண்டு. கெடவில்லை. இன்னும் சூடேற்றினால் கட்டிகள் கரைந்து, வெண்மை மறைந்து, தேன் போலத் தெளிந்து இளகிவிடும். ஏறக்குறைய 175 டிகிரி செண்டிகிரேடில் அந்தப் பதம் வரும். வடை வேகும் எண்ணெயின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்பாமல் உஷ்ணமானியை வைத்துப் பார்ப்பதுதான் உத்தமம்.

பதம் வந்ததும் நிறம், மினுக்குத்தூள், வேண்டுமானால் பொடியுப்பு சேர்க்கலாம். குமிழி விழாமல் மெதுவாகக் கிளற வேண்டும். அச்சில் வார்க்கும்போது வாலிலிருந்து தொடங்கி, மெல்லிய கம்பியாக ஊற்றிக்கொண்டு தலைக்கு வர வேண்டும். வால் மெல்லியது ஆதலால், தாமதித்தால் பாகு அங்கே போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். ஆறினால் சற்றுச் சுருங்கும். ஆகவே விளிம்புக்குச் சிறிது மேலாகவே ஊற்றலாம். சில நிமிஷங்களில் இறுகிவிடும். எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, பிறகு நேராகக் கிடத்தி வைக்க வேண்டும். வளைத்து வைத்தால் வளைந்தபடியே நிலைத்துவிடும். "ஐந்தில் வளையாதது" என்பார்களே, இதற்கு அது தலைகீழ்: முதல் நாளில் வளைந்தது பிறகு நிமிராது!

தேறாத புழுவையும் வெட்டிய துண்டுகளையும் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறம் சற்றே கறுக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும்

இதுவரையில் படித்ததும், "அடடா, அல்வா கிளறுவது போலத்தானே!" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் ஆபத்து.

அல்வா அடிப்பிடித்தால் அல்வாதான் போயிற்று. இந்தப் பாகு அடிப்பிடித்தால் விஷயம் வேறு. பி.வி.ஸி.யில் குளோரின் இருக்கிறது. சூடு மிஞ்சினால் அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளிப்படும். முதலில் பாகு மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மூக்கையும் தொண்டையையும் பிடிக்கிற புகை கிளம்பும். புகை தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். "இன்னும் இரண்டு புழு வார்த்துவிடலாமே" என்று நிற்கக் கூடாது.

இரண்டாவது, ஈரம். காய்ந்த எண்ணெயில் ஈரக் கத்தரிக்காயைப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். அச்சிலோ கரண்டியிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது கணத்தில் ஆவியாகிக் கொதிக்கும் பாகைத் தெறிக்கச் செய்யும். அச்சு நாலைந்து நாள் காய வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். எண்ணெயாவது மேலே பட்டால் வழிந்துவிடும். இந்தப் பாகோ தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சுட்டுக்கொண்டிருக்கும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் அதைப் பிய்த்தெடுக்க முயலக் கூடாது. தோலும் கூடவே வந்துவிடும். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் அதன் மேலே ஓடவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது விஷயம் குடும்பத் தலைவிக்கே உரியது. பி.வி.ஸி.யை மிருதுவாக்க 'தாலேட்' என்ற ரசாயன வகையை நெடுங்காலம் உபயோகித்துவந்தார்கள். அவற்றில் சில, குழந்தைகளின் உடம்புக்கு ஆகாதவை என்ற கவலையின் பேரில், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களில் அவற்றைச் சேர்ப்பதற்கு 2008-ல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பிய நாடுகள் அதற்கும் முன்பே தடுத்துவிட்டன. விளையாட்டுச் சாமானுக்கு ஆகாதது, சோறு வடிக்கும் பாத்திரத்துக்கு மட்டும் ஆகுமா? தாலேட் கலக்காத பிளாஸ்டிஸால் இப்போது கடையில் கிடைக்கிறது. இருந்தாலும், அந்த வேலைக்கு எடுத்த குவளை, கரண்டி, உஷ்ணமானி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த வேலைக்கே. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அவற்றைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

ஆகவே, அடுக்களையில் பிறந்த இந்தப் புழுவை இன்று அடுக்களையை விட்டு வெளியே அனுப்பியாக வேண்டும். 1949-ல் க்ரீம் தம்பதிகளுக்கு அடுக்களை அடுப்பு கைகொடுத்தது. இன்று நமக்கு விஷயம் தெரியும். விவரம் அறிந்த தூண்டில்காரர்கள் கார்க் கொட்டகையிலோ தோட்டத்துத் தாழ்வாரத்திலோ, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, புகையை வெளியே தள்ளும் விசிறி ஓட, கண்ணாடியும், கையுறையும், முழுக்கைச் சட்டையும், பாதத்தை மூடிய செருப்பும், ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியும் அணிந்துகொண்டே வார்க்கிறார்கள். குழந்தைகளையும் பூனை நாய்களையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. சின்ன விளையாட்டுக்கு இத்தனை வேஷமா என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு அணிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வேறொரு வேடிக்கையும் உண்டு. இந்த மெத்தென்ற புழுவைச் சாதாரணக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுச் சில வாரம் வைத்தால், புழுவிலுள்ள எண்ணெய் கசிந்து பெட்டியையே இளக்கிவிடும். வண்ணம் பூசிய சாமான்களோடு வைத்தால் வண்ணம் உரிந்துவிடும். கறுப்புப் புழுவையும் வெள்ளைப் புழுவையும் ஒரே பையில் வைத்தால் சாயம் ஏறிவிடும். புதுச் சிவப்புப் புடவையை வெள்ளை வேஷ்டியோடு ஊறப்போட்ட கதைதான்!

மீனின் வயிற்றுக்குள்ளே

கடைசியாக ஒரு விஷயம். வீட்டுக்காரர் புழு வார்த்தார், ஏரிக்குப் போனார், மீன் பிடித்தார். கிழிந்த புழுக்களை என்ன செய்தார்? பலர் செய்வது போலத் தண்ணீரிலேயே எறிந்துவிட்டார். "புழுதானே, போகட்டும்!" என்று நினைப்பு.

நிஜப் புழு மக்கிப்போகும். பொய்ப் புழு மக்காது. மிருதுவாகவும் வாசனையாகவும் செய்தது எதற்காக? மீன் விழுங்கட்டும் என்றுதானே? அது விழுங்கத்தான் செய்யும், தூண்டில்முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மெயின் மாகாணத்தில் ட்ரௌட் மீன்களை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2009-ல் வெளியாயிற்று. கொடுத்த பிளாஸ்டிக் புழுக்களை மீன்கள் தாமாகவே தின்றன. தின்றவை வாரக்கணக்கில் வயிற்றிலேயே தங்கிவிட்டன. அந்த மீன்கள் எடை குறைந்து இளைத்துப்போயின. வயிறு நிரம்பியிருந்தும் பட்டினி!

2013-ல் அதே மெயின் மாகாணத்துச் சட்டசபைக்கு, இந்த வகை இரைகளையே தடைசெய்ய வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. பெரிய விவாதம் நடந்தது. தடை வரவில்லை. ஆனால் விவாதத்தால் பலன் இல்லாமலும் போகவில்லை. கிழிந்த புழுக்களைத் தண்ணீரில் எறியாமல் ஒரு பையில் சேர்த்து எடுத்துவரும் பழக்கத்தை மீன்பிடிப்போர் சங்கங்களே பிரசாரம் செய்கின்றன. மக்கிப்போகும் பொருள்களால் செய்த இரைகளும் கடைக்கு வந்திருக்கின்றன.

வீட்டில் வார்க்கிறவர்களுக்குத்தான் இதில் அதிக சௌகரியம். கடையில் வாங்குகிறவர்களுக்குக் கிழிந்த புழு குப்பை. வார்க்கிறவர்களுக்கு அது மூலப்பொருள்! வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, ஈரம் போக நன்றாக உலர்த்தி, நிறவாரியாகப் பிரித்து மறுபடியும் உருக்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுப் புழு தயார். பழைய புடவையைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகுமா?

ஆகவே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, கடல் கடந்து போன பிள்ளை வீட்டிலோ யாராவது ஒருவர், "புழு காய்ச்சப் போகிறேன்" என்று கிளம்பினால் கரண்டியை ஓங்க வேண்டாம். காஸ்மா அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். கூட நின்று உதவியும் செய்யுங்கள். ஆனால் மூன்று நிபந்தனைகளைக் கறாராகப் போட்டுவிடுங்கள்: காய்ச்சுவது தோட்டத்தில், பாத்திரம் அவருடையது, கிழிந்த புழுக்களை எண்ணி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மீனை ஏமாற்ற ஆயிரம் யுக்தி இருக்கிறது. நெருப்பை ஏமாற்ற ஒன்றுகூடக் கிடையாது என்பது அடுப்படியில் நிற்கும் நமக்குத் தெரியாதா என்ன?